சைடு போர் போட்ட கிணறு

அண்ணே,

எதிர் மனையில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கும் பேங்க்காரர் ஒரு மண்பானையில் வேப்பம் புண்ணாக்கையும் கடலைப் புண்ணாக்கையும் ஊறப்போட்டு, மூடாமல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மூன்று நாளாகத் தெருவில் நடமாட முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் அந்த நாற்றம், கொடியில் காயும் சேலையில் அந்த நாற்றம். இன்று காலை பொறுக்க முடியாமல் போய்க் கேட்டுவிட்டேன். "ரோசாச் செடிக்கு இதை அடிச்சுக்க உரமே இல்லைன்னு தெருவுல சொன்னாங்க டீச்சர். ஏழு நாள் ஊறணுமாம். மூடுனா வீரியம் போயிருமாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாரும்தான் சொன்னாங்க" என்றார்.

எல்லாரும் இல்லை. நீங்கள். மூடினால் வீரியம் போய்விடும் என்று இந்த உலகத்தில் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் இந்தத் தெருவுக்கு யோசனை சொல்லிக்கொண்டு இருக்கிறீர்கள். அந்த எரிச்சலில்தான் திருத்த வேண்டிய கணக்கு நோட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் குடிவந்தபோது பழங்காநத்தத்துக்குத் தெற்கே இந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது. முந்தின வருடம் வரை சோளம் விதைத்த கரிசல் காடு. மனை போட்டு விற்றார்கள், ஒன்பது வீடு எழும்பியது. ஒன்பது குடும்பமும் அதுவரை வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடப் பயந்து இருந்தவர்கள். சொந்த வீடு என்றால் என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதில் முதல் ஆள் நீங்கள். மில்லில் பிட்டர் வேலை, பிறந்தது எழுமலைப் பக்கம் சம்சாரிக் குடும்பம். இரும்பும் தெரியும் மண்ணும் தெரியும் என்று ஒரு நினைப்பு உங்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே வீடு வீடாகப் போவீர்களே, நினைவிருக்கிறதா? நீங்கள், தபால் ஆபீஸ்காரர், மேலும் இரண்டு பேர். அதற்கு இன்ஸ்பெக்‌ஷன் என்று பெயர் வைத்தது நான்தான். ஒவ்வொரு வீட்டிலும் தோட்டத்தைச் சுற்றி வந்து, ஒரு குறையாவது கண்டுபிடித்துச் சொன்னால்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வீர்கள். தபால் ஆபீஸ்காரர் வீட்டு முருங்கை வாசலுக்கு நேரே நிற்கிறது. என் வீட்டு அடுப்படி ஜன்னல் காற்று வராத பக்கம் இருக்கிறது. ஜன்னலை வைத்துப் பூசி, வெள்ளையும் அடித்து, நான் அதன் கீழே நின்று சமைத்துக்கொண்டிருக்கும்போது அதை வந்து சொல்கிறீர்கள். "இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல டீச்சர். இடிச்சுட்டு இங்கிட்டு வச்சிருவோம்" என்றீர்கள். என்னவோ பொட்டை அழித்துவிட்டு வேறு பொட்டு வைக்கிற மாதிரி.

எலுமிச்சை மரம் இரண்டு வருடமாகக் காய்க்கவில்லை என்று நான் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு விளக்குமாறோடு வந்து நின்றீர்கள். "காய்க்காத மரத்த நாலு சாத்து சாத்தணும் டீச்சர், அப்பத்தான் அதுக்கு ரோசம் வரும்" என்று சொல்லி, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த அடித்தீர்கள். மதில் மேல் தெருவே தலையை நீட்டிப் பார்த்தது. இலை கொட்டி மரம் ஒரு மாதம் நோயாளி போல நின்றது. அடுத்த பருவம் காய்த்துத் தொலைத்தது. அதற்கப்புறம் உங்களை யார் பிடிக்க முடியும்? என் வீட்டு எலுமிச்சம்பழத்தை எனக்கே கொண்டுவந்து காட்டி, "பாத்தீகளா, ரோசம்" என்றீர்கள்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். கிணற்றை எப்படி மன்னிப்பது?

ஒன்பது வீட்டில் எட்டு வீட்டுக் கிணறு உப்புத் தண்ணி. என் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணி. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை, தோண்டிய இடம் அப்படி அமைந்தது. விடிந்தால் தெருவில் பாதிக் குடம் என் வீட்டில்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார், வருடத்தில் இரண்டு மாதம் லீவில் வருவார், மீதி நாள் நான் ஒருத்தி. பள்ளிக்கூடம் போகும்போது கொல்லைக் கதவைப் பூட்டாமல் விட்டுப் போவேன், யாராவது தண்ணி எடுக்க வருவார்கள் என்று. அந்தக் கிணற்றில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது அண்ணே. நகையில்லை, பிள்ளையில்லை, தெருவுக்கே தண்ணி கொடுக்கிற கிணறு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மழை பொய்த்த அந்த வருடம் தண்ணி கீழே போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் வாளி தரையைச் சுரண்டும் சத்தம்தான் வரும். அப்போதுதான் உங்கள் யோசனை வந்தது. கிணற்றுக்குள் ஆளை இறக்கி, பக்கவாட்டில் துளை போட்டால் புது ஊற்று கிடைக்கும், சைடு போர். "எழுமலையில எங்க கிணத்துல போட்டோம் டீச்சர். அம்புட்டுத் தண்ணி வந்துச்சு, ஆளு ஏறி வர்றதுக்குள்ள இடுப்பு நனைஞ்சிருச்சு."

நான் கணக்கு டீச்சர். எனக்குத் தோன்றியதைக் கேட்டேன். "எந்தப் பக்கம் துளை போடுவீங்க?"

"கிழக்காமே."

"கிழக்கே இருக்கிறதெல்லாம் உப்புக் கிணறு. அந்தப் பக்கமே துளை போட்டா உப்புத்தானே வரும் அண்ணே?"

"அது மேல் ஊத்து. நம்ம போடறது அடி ஊத்து. அது வேற, இது வேற. மண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மூன்று வாரமாக முடியாது முடியாது என்றே சொன்னேன். நீங்கள் விடவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனில் எல்லாரையும் வைத்துக்கொண்டு ஒரு தடவை. தபால் ஆபீஸ்காரரையும் உங்கள் பக்கம் இழுத்துவிட்டீர்கள். எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்காரருக்கும் கடிதம் போட்டீர்கள். அவர் எங்கேயோ பனி மலையில் உட்கார்ந்துகொண்டு, 'அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று எனக்கு எழுதினார். கிணற்றைப் பார்க்காத ஆளுக்கும் பார்த்த ஆளுக்கும் நடுவில் நான் என்ன செய்வது? சரி என்றேன். என் வாயால்தான் சரி என்றேன், அதை மறுக்கவில்லை.

எழுமலையிலிருந்து இரண்டு ஆளைக் கூட்டி வந்தீர்கள். இரண்டு நாள் கிணற்றுக்குள் குந்தி உட்கார்ந்து, கையால் சுற்றிச் சுற்றித் துளை போட்டார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் உள்ளேயிருந்து ஒரு கூச்சல். தண்ணி வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சுவரிலிருந்து கொட்டியது. தெருவே கூடிவிட்டது. உங்கள் வீட்டு மதினி வெல்லம் கொண்டுவந்து எல்லார் வாயிலும் போட்டது. நீங்கள் கிணற்று மேட்டில் ஏறி நின்றுகொண்டு, "பாத்தீகளா டீச்சர்" என்றீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். வாளியை இறக்கி, ஒரு கை அள்ளிக் குடித்தேன்.

கரித்தது. வாயில் வெல்லம் இருந்தும் கரித்தது.

கலங்கல் தண்ணி அப்படித்தான் இருக்கும், தெளியட்டும் என்றீர்கள். மறுநாள் தெளிந்தது. பருப்பு வேகவில்லை. இரண்டு மணி நேரம் அடுப்பில் கிடந்தும் கல்லுக் கல்லாக நின்றது. சோப்பு நுரைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் குடத்தோடு வந்தவர்கள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. நீங்கள் அந்தத் துளையைக் கயிறும் களிமண்ணும் வைத்து அடைத்தீர்கள், நிற்கவில்லை. மரக்கட்டை செதுக்கி அடித்துச் சிமெண்ட் வைத்துப் பூசினீர்கள். வருவது நின்றது, வந்த உப்பு போகவில்லை. "பத்து நாள்ல சரியாயிரும் டீச்சர்" என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். இனிமே என் வீட்டுக்குள்ள வராதீங்க" என்று தெருவில் வைத்தே சொன்னேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி. கதவைத் திறந்தால், கேரியரில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். பழங்காநத்தம் தாண்டி ஏதோ ஒரு தோட்டத்து பம்ப்செட்டில் பிடித்த தண்ணி. சட்டையில் பாதி சிந்தியிருந்தது. மன்னிச்சிருங்க என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "குடத்துல தேத்தாங்கொட்டையை உரசிப் போடுங்க டீச்சர், தெளிஞ்சுரும்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குடத்தை அங்கேயே கவிழ்த்திருப்பேன். குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்லாததால் வாங்கி வைத்தேன்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. ஏழு மணி ஷிப்டுக்கு முன்னால் ஆறு மணிக்குத் தண்ணி வந்துவிடும். வராதீங்க என்று சொன்னேன் இல்லையா, படி ஏற மாட்டீர்கள். வாசலிலேயே நின்று என் குடத்தில் ஊற்றுவீர்கள். நான் பேச மாட்டேன். நீங்கள் பேசுவீர்கள். மதில் ஓரத்தில் கறையான் ஏறுகிறது, வேப்பெண்ணெய் தடவுங்க. மாடித் தளத்தில் தண்ணி தேங்கி நிற்கும், மழைக்கு முன்னால் சரிவு பாருங்க. கருவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊத்துங்க. வேண்டாம் என்று சொல்லக்கூட வாய் திறக்காத ஒருத்தியிடம் ஒரு மனிதன் கால் மணி நேரம் யோசனை சொல்ல முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. எல்லாம் முடிந்ததும் "வாரேன் டீச்சர்" என்று வெறுங்குடம் கடகடக்கப் போவீர்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று போய்க்கொண்டே இருந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. கிணறு பாதிக்கு மேல் ஏறியது. கார்த்திகையில் ஒரு நாள் அவசரத்தில் கிணற்றுத் தண்ணியிலேயே பருப்பை வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே, வேகாதே என்று பதறி மூடியைத் திறந்தால், பருப்பு குழைந்து கிடக்கிறது. ஒரு டம்ளர் இறைத்துக் குடித்தேன். பழைய தண்ணி. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

உங்களிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம் பார்ப்போம், மறுபடி கரித்தால் என்ன செய்வது என்றுதான் முதலில் நினைத்தேன். வாரம் போனதும், இன்னும் கொஞ்ச நாள் படட்டும் என்று நினைத்தேன். என் கிணற்றைக் கெடுத்த ஆள்தானே, பட்டால் என்ன? தெருவுக்கும் சொல்லவில்லை. அதற்குள் வாரத்துக்கு இரண்டு நாள் லாரித் தண்ணி வர ஆரம்பித்திருந்தது, என் கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கொல்லைக் கதவைப் பூட்டி வைத்தேன். என் சமையல் என் கிணற்றில், வாசலில் உங்கள் தண்ணி. மார்கழிப் பனியில் மப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு நீங்கள் மிதித்து வருவீர்கள். நான் குடத்தை நீட்டுவேன். பிள்ளைகளுக்குக் கணக்கில் நேர்மை சொல்லிக் கொடுக்கிற டீச்சர் நான்.

மாசி மாதம் ஒரு காலை மணி அடிக்கவில்லை. ஆறே முக்கால் இருக்கும், இடுப்பில் குடத்தோடு மதினி வந்தது. மூச்சு வாங்கியது. "காலையில கரண்டு இருக்காதுன்னு அவுக நேத்துச் சாயங்காலமே தண்ணி பிடிக்கப் போயி, ரயில்வே கேட்டுக்கிட்ட சைக்கிளோட விழுந்துட்டாக டீச்சர். கை ஒடிஞ்சு போச்சு. ராத்திரியே மாவுக்கட்டுப் போட்டாச்சு. தண்ணிக்கு எதிர்பாப்பீகன்னு என்னைய அனுப்புனாக" என்றது. குடத்தை வாங்கிக் கீழே வைத்தேன். வைத்த வேகத்தில் அதில் பாதி என் காலிலேயே கொட்டியது.

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு உங்கள் வாசலை மிதிக்கிறேன். கட்டிலில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மில் மேஸ்திரி மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வந்ததை நான் தொடங்குவதற்கு முன்னால் நீங்கள் கேட்டீர்கள்.

"வாங்க டீச்சர். கிணறு நல்லாத்தான இருக்கு?"

"எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"கார்த்திகையிலயே. மதிலுக்கு மேல உங்க வாழை தெரியுமுல்ல. உப்புத் தண்ணி குடிச்சா வாழை இலை ஓரம் கருகும். உங்களுது புதுக்குருத்து ஓரம் கருகாம வந்துச்சு. தண்ணி திரும்பிருச்சுன்னு தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் எதுக்கு அண்ணே இம்புட்டு நாளாக் கொண்டாந்தீங்க?"

ஒடியாத கையால் தலையைச் சொறிந்தீர்கள். "நீங்க சொல்லலயே டீச்சர்."

திட்டியிருக்கலாம். என்ன பொம்பளை நீ என்று கேட்டிருக்கலாம். மதினியாவது கேட்டிருக்கலாம், அது காபி போட உள்ளே போய்விட்டது. நீங்கள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கிணத்த ஒரு தடவ முழுசா எறச்சு விட்டுருங்க. ஒரு கூடை சுண்ணாம்பு போடுங்க. பெறகு தெருவுல சொல்லுங்க" என்றீர்கள். அப்போதும் யோசனை. அண்ணே, ஒரு மனுஷியை நிம்மதியாக ஒரு தப்புக்கூடச் செய்ய விட மாட்டீர்களா?

நீங்கள் சொன்ன மாதிரியே இறைத்தேன், சுண்ணாம்பு போட்டேன், தெருவில் சொன்னேன். குடங்கள் திரும்பி வந்தன. ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனில் கட்டுப்போட்ட கையோடு என் கொல்லைக்குள் வந்து, வாழைக்கு முட்டுக் கொடுத்தது கோணல் என்றீர்கள். நான் பழையபடி சண்டை போட்டேன். கை கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. ஸ்பேனர் பிடிக்கும்போது நீங்கள் முகம் சுளிப்பதை ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். நீங்கள் கிணற்றுக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கைக்காகக் கேட்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றும் நீங்கள் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கோபம் என்று சொல்லியிருப்பேன். அது முதல் ஒரு மாதத்துக்குத்தான் உண்மை. அதற்குப் பிறகு எனக்குக் கோபம் இல்லை அண்ணே. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரைக்கும் இந்த வீட்டில் இன்னொரு ஆள் குரல் கிடையாது. அவர் கடிதம் மாதத்துக்கு ஒன்று. முன்னே தண்ணிக்கு வந்து வாயாடிவிட்டுப் போனவர்களும் இல்லை. காலையில் ஆறு மணிக்கு அந்த மணி அடிக்கும், ஒரு ஆள் வாசலில் நின்று கறையானைப் பற்றியும் மோரைப் பற்றியும் பேசும், போகும்போது வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகும். கிணறு சரியாகிவிட்டது என்று நான் வாயைத் திறந்தால் அது நின்றுபோகும். அதற்காகத்தான் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் கை ஒடிந்தது.

ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்த அன்று இதைச் சொல்லத்தான் வந்தேன். அரை உயிராகப் படுத்துக்கொண்டு, "மாடித் தண்ணி இறங்கற குழாயில இலை அடைச்சிருக்கும், பாத்தீகளா டீச்சர்?" என்று கேட்டீர்கள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தனியாக இருக்கப் பயமாக இருந்தது அண்ணே என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்திருப்பீர்கள். பதினைந்து வருடத்தில் உங்களிடம் நானாக ஒரு யோசனையும் கேட்டதில்லை. அது ஒன்றைக் கேட்டிருப்பேன்.